மூலக்குளத்தில் வஸந்தம்
குடிவந்தோர் ஊராராவது எப்படி?

வீடு வாங்குவது ஒரு நாளில் முடிகிற காரியம். பத்திரத்தில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த மறுகணமே வீடு நம்முடையதாகிவிடுகிறது. ஊர் அவ்விதம் கிரயத்துக்குக் கிடைப்பதில்லை. எந்த ஊரின் திருநாளில் நம் குழந்தைகள் கூட்டத்தோடு நடந்து கால் கடுத்தார்களோ, எந்த ஊரின் துக்கத்தில் நாம் அழைக்காமலே போய் நின்றோமோ, அந்த ஊரே நமது ஊர். பிழைப்பை நாடிக் குடிபெயர்வது பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வுண்மையை நம்மவர்கள் மறந்து வருகிறார்களோ என்று அஞ்சுகிறோம். புதுவையை அடுத்த மூலக்குளத்தை முன்னிட்டு இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

மூலக்குளம், புதுவைக் கடற்கரையிலிருந்து மேற்கே வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் சாலையில், உழவர்கரை நகராட்சிக்குள் அமைந்தது. உழவர்கரை என்ற பெயரில் உழவர் இருக்கின்றனர்; மூலக்குளம் என்ற பெயரில் குளம் இருக்கிறது. நெல்லும் நீரும் இருந்த அந்தப் பக்கங்களில் இன்று 'நகர்' என்று முடியும் பெயர்களோடு வீதிகள் பெருகியிருக்கின்றன. உத்தியோகஸ்தர்களும், உபாத்தியாயர்களும், தொழிற்சாலைகளில் வேலை செய்வோரும், ஓய்வு பெற்றோரும் பல ஜில்லாக்களிலிருந்து அங்கே குடியேறியிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டால் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே பத்து வருஷம் கழித்துவிடலாம். அப்படிக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

தஞ்சை ஜில்லாவிலிருந்து சென்ற வருஷம் அங்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு குழந்தைகள், வயது முதிர்ந்த தாயார். பனி நீங்கி, மா பூத்து, வேம்பு துளிர்க்கும் மாசி பங்குனியில் தொடங்கி, இளவேனில் முதிரும் வைகாசி வரையில் இக்குடும்பம் எங்கே போகலாம்? யாரைச் சந்திக்கலாம்? இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று. இக்குழந்தைகள் நாளை மூலக்குளத்தைத் தம் ஊர் என்று சொல்வார்களா, தகப்பனார் வேலை பார்த்த இடம் என்று சொல்வார்களா என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது.

முன்னோர் காட்டிய வழி

வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொள்வதற்குப் புதுவையைவிடச் சிறந்த பாடம் வேறிடத்தில் கிடைப்பது அரிது. 1908-ல் 'இந்தியா' பத்திரிகையின்மீது பிரிட்டிஷ் சர்க்காரின் அடக்குமுறை பாய்ந்தபோது, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் வந்து தங்கினார். 1910 ஏப்ரல் 4-ந் தேதி ஸ்ரீ அரவிந்தர் அங்கே கரையேறினார். அதே வருஷத்தில் வ. வே. ஸு. ஐயரும் வந்து சேர்ந்தார். மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியார் குடும்பமும் அங்கேயே இருந்தது. ஒற்றர்கள் வீதிமுனையில் நின்றனர், கடிதங்கள் தடைப்பட்டன, கையில் காசு இல்லை. ஊரைக் கண்டு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்குவதற்கு அவர்களைவிட அதிகக் காரணமுடையவர் யார்?

ஆயினும் அவர்கள் ஒடுங்கவில்லை. மாலை நேரங்களில் கடற்கரை மணலில் கூடினார்கள். ஒரு வீட்டுக் குழந்தை மறு வீட்டில் வளர்ந்தது. ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் குமாரத்தி யதுகிரி அம்மாள் பிற்காலத்தில் எழுதிய 'பாரதி நினைவுகள்' நூலைப் படித்தவர்களுக்கு அந்த அன்னியோன்னியம் விளங்கும். முத்தியால்பேட்டைப் பக்கத்தில் கிருஷ்ணசாமி செட்டியாருக்குச் சொந்தமான மாந்தோப்பு ஒன்று இருந்தது. பாரதியார் அங்கே அடிக்கடி போய்த் தங்குவார். ஊரார் ஒருவர் திறந்துவிட்ட தோப்பிலே, ஊருக்கு வந்த ஒருவர் கேட்ட குயிலோசை, 'குயில் பாட்டு' என்ற காவியமாயிற்று. வஸந்தகாலத்து உலாவல் வீண் பொழுது என்று எண்ணுவோர் இதைச் சிந்திப்பாராக!

ஒரு கலியாண வீட்டிலேதான் புதுவைக்காரரான கனக சுப்புரத்தினம் பாரதியாரை முதன்முதலில் சந்தித்தார். வேணு நாயக்கர் இல்லத் திருமணத்தில், எதிரே அமர்ந்திருப்பவர் யாரென்று அறியாமல் அவர் பாரதியாரின் பாட்டையே பாடினாராம். பிறகு அவர் பாரதிதாசன் ஆன வரலாறு நாடறிந்தது. வந்தவர் அக்கலியாணத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் தமிழுக்கு நேர்ந்திருக்கக்கூடிய நஷ்டம் எவ்வளவு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆதிதிராவிட இளைஞரான கனகலிங்கத்துக்குப் பாரதியார் தம் கையால் பூணூல் அணிவித்ததும் இதே புதுவையில்தான். ஊரோடு கலப்பது என்றால் ஊரிலுள்ள உயர்வு தாழ்வுகளையும் வாயை மூடிக்கொண்டு ஏற்பது என்று பொருளல்ல. பழைய பகைகளும் பழைய எல்லைகளும் அறியாதவன் புதிதாக வந்தவன். எல்லாத் தெருவிலும் சமமாக உட்கார அவனால் முடியும். அந்தச் சௌகரியத்தை அவன் பயன்படுத்தாவிட்டால், தான் விட்டுவந்த ஊரின் குறைகளையும் சேர்ந்த ஊரின் குறைகளையும் ஒருங்கே சுமப்பவனாவான்.

நீர்க்கரைகளில்

இனி நம் குடும்பத்தோடு புறப்படுவோம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்று வட்டாரத்துத் தெய்வங்களெல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றன. மயிலத்திலிருந்து முருகனும் தீவனூரிலிருந்து விநாயகரும் பல மைல் கடந்து வருகிறார்கள். தெய்வங்களே ஊர்விட்டு ஊர் வந்து கூடுகிற அந்நாளில், ஊர்விட்டு வந்த மனிதர்கள் தனித்திருக்க வேண்டுவதென்ன? உழவு நாட்டுத் தெய்வங்களை மீனவர் குப்பம் வரவேற்கும் காட்சியைக் காணும் சிறுவனுக்குச் சமூகம் என்ற சொல்லின் அர்த்தத்தைப் புத்தகத்தால் விளக்க வேண்டியதில்லை.

கடற்கரை நெரிசலுக்கு அஞ்சும் தாயாரை வில்லியனூரை அடுத்த திருக்காஞ்சிக்கு அழைத்துச் செல்லலாம். சங்கராபரணி ஆறு அங்கே வடக்கு நோக்கித் திரும்பிச் செல்வதால், காசியைவிட வீசம் அதிகம் என்று அத்தலத்தை அப்பகுதியார் பெருமையாகச் சொல்வர். மாசி மகத்தில் அங்கும் தீர்த்தவாரி உண்டு. 2023 சித்திரையில் நடந்த புஷ்கர விழாவுக்குத் திரளான ஜனங்கள் வந்து நீராடினர். காவிரிக்கரையில் பிறந்த தாயார் இந்த ஆற்றில் ஒரு முழுக்குப் போட்ட பிறகு, 'நம்ம ஊர் ஆறு' என்ற சொல் அவர் வாயில் இரண்டு ஆறுகளுக்கு உரியதாகிவிடும்.

மூலக்குளத்துக்கு வடமேற்கே சில மைலில் ஊசுட்டேரி இருக்கிறது. புதுவையிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து, ஏறத்தாழ 800 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள இவ்வேரிக்குச் சங்கராபரணியின் வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து சேருகிறது. புதுவைப் பகுதியை 2008-ல் அரசாங்கம் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் தூர தேசங்களிலிருந்து வரும் பறவைகள் பங்குனி வெயில் ஏறுமுன் திரும்பிவிடும். ஆகையால் மாசி மாதத்து விடியற்காலையில் போவதே உத்தமம். குழந்தைகள் பறவைகளை எண்ணட்டும். கையோடு, நகரின் கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் ஊற்றுக்கண் இத்தகைய ஏரிகளே என்பதையும் தகப்பனார் சொல்லட்டும்.

நீரைப் பற்றிப் பேசும்போது ஆயியை மறக்கலாகாது. இரவில் ஒளிவீசிய ஒரு மாளிகையைக் கோயிலென்று கருதி வணங்கிய அரசன், அது ஒரு தாசியின் இல்லம் என்றறிந்து சினந்து அதனை இடிக்கக் கட்டளையிட்டான் என்றும், அப்பெண் தானே அதை இடித்து அவ்விடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்றும் கதை. அவள் பெயரால் வழங்கும் முத்திரப்பாளையத்து நீரே பிற்காலத்தில் புதுவை நகருக்குக் கொண்டுவரப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அதன் ஞாபகமாக எழுந்த ஆயி மண்டபம் இன்று பாரதி பூங்காவின் நடுவே நிற்கிறது. புதுவை அரசாங்கத்தின் சின்னமும் அதுவே. அந்தப் பூங்காவில் குழந்தைகளை ஓடி விளையாட விடும் பெற்றோரை ஒன்று கேட்கிறோம். வீட்டை இடித்துக் குளம் வெட்டியவளை இலச்சினையாகக் கொண்ட நாட்டில், குளத்தைத் தூர்த்து வீடு கட்டுவது அடுக்குமா? பெயரில் குளத்தைத் தாங்கிய ஊரில் குடியிருப்போர் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலாது. தாம் குடியிருக்கும் மனை முன்னர் எவரோ உழுத வயல் என்ற நினைவு அவர்களுக்கு இருக்கட்டும். எஞ்சிய நீர்நிலைகளைக் காப்பதே அவ்வூருக்கு அவர்கள் செலுத்தக்கூடிய முதற் கடன்.

கொடியும் தேரும்

ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்தில் கொடியேறுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த இவ்வாலயத்தின் அருகே, நமது கோயில்களில் இருப்பதைப் போலவே திருக்குளம் ஒன்று உண்டு. ஹிந்துக்களும் அங்கே சென்று மெழுகுவர்த்தி ஏற்றி வருவது அந்த வட்டாரத்தில் சகஜம். யாரும் யாருக்கும் உபதேசிக்காமல், அண்டை வீட்டார் திருநாள் என்ற முறையில் போய்வரும் இந்தப் பழக்கம், ஒற்றுமையைப் பற்றி மேடையில் செய்யப்படும் நூறு பிரசங்கங்களுக்கு மேலானது.

அதே வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் இருக்கிறது. அம்மனுக்குக் கோகிலாம்பிகை என்று திருநாமம். கோகிலம் என்றால் குயில். இளவேனிலுக்கு இதைவிடப் பொருத்தமான தேவி யார்? பரீட்சை முடிந்து, விடுமுறையும் கழிந்துவரும் சமயத்தில் அங்கே பிரம்மோத்ஸவம் நடைபெறுகிறது. தேரோட்டத்தின்போது பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்ததும், இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கம் தொடர்வதும் பிரசித்தம். கவர்னர் தொடங்கி வைக்கலாம். தேரை நிலைக்குக் கொண்டுவருவது பெயர் தெரியாத ஆயிரம் கைகளே. அந்த ஆயிரத்தில் நம் தஞ்சாவூர்க்காரரின் இரண்டு கைகளும் சேரட்டும். பக்கத்தில் வடம் பிடித்தவன் யாரென்று அவர் கேட்கமாட்டார். அவரையும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் வழக்கத்தில் சொல்வதன் உட்பொருள் அதுதான்.

கீழூருக்கு ஒரு யாத்திரை

வில்லியனூருக்கு அப்பால் கீழூர் என்ற சிற்றூர் இருக்கிறது. தேசபக்தியுள்ள எந்தக் குடும்பமும் அங்கே ஒருமுறையேனும் போகாமலிருக்கலாகாது. 1954 அக்டோபர் 18-ந் தேதி, பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டபூர்வமாக இணைப்பு நிறைவேறிற்று. ஒரு துப்பாக்கி வெடிக்காமல், வாக்குச்சீட்டினால் ஒரு பிரதேசத்தின் கதி நிர்ணயமான அவ்விடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. தஞ்சைக் குழந்தைகளுக்கு வேதாரணியத்து உப்புச் சத்தியாக்கிரகம் பாட்டனார் வாய்மொழியாக வந்திருக்கலாம். புதுவைக் குழந்தைகளுக்குக் கீழூர் அவ்விதமே உரியது. இரண்டையும் அறிந்த குழந்தைக்கு இரண்டு ஊர்கள். அவற்றை இணைக்கும் தேசம் ஒன்று.

செய்யத்தக்கது

இவை யாவும் மூலக்குளத்திலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ளவை. பெரிய செலவுமில்லை, கட்டுச்சோறும் ஒரு கூஜாத் தண்ணீரும் போதும். ஒரு குடும்பம் தனியே போவதினும் நாலு குடும்பங்கள் சேர்ந்து போவது நலம். நகர் நலச் சங்கங்கள் என்று பலவிடங்களில் ஏற்பட்டிருக்கின்றன. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனு எழுதுவதோடு அவற்றின் அலுவல் முடிந்துவிடக் கூடாது. மாசி பிறக்கும்போதே வைகாசி வரையிலான திருநாள்களையும் உலாக்களையும் எழுதிப் பொது இடத்தில் ஒட்டட்டும். வருஷத்தில் ஒரு நாள் அண்டையிலுள்ள குளத்தையோ வாய்க்காலையோ சுத்தம் செய்வதை அந்த அட்டவணையின் முதல் விழாவாக வைக்கட்டும். பழைய கிராமத்துப் பெரியவர்களை அழைத்து, எந்த வயலுக்கு எந்த மதகு, எந்தக் குளத்துக்கு எந்த வரத்து என்று சொல்லக் கேட்கட்டும். அவர்களுக்கு இன்றைக்கு அந்த விவரம் தெரியும். கேட்போர் இல்லாமற் போனால் நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது.

பூர்வ குடிகளுக்கும் ஒரு வார்த்தை. வந்தவர்களை 'வெளியூர்க்காரர்' என்று ஒதுக்குவது எளிது. 1908-ல் புதுவை அவ்வாறு கதவை அடைத்திருந்தால் அதன் பெயர் இன்று தமிழ் இலக்கியத்தில் இவ்வளவு பெருமையோடு நிற்குமா? திருநாள் கமிட்டியில் ஓர் இடம், பந்தியில் ஓர் இலை, வடத்தில் ஒரு பிடி: வந்தவனுக்கு இவ்வளவு போதும்.

சுதந்திரம் பெற்ற ஜனங்கள் தேசத்தைப் பற்றி நிரம்பப் பேசுகிறோம். அந்தத் தேசம் காலையில் கதவைத் திறந்தவுடன் நமது தெருவாகவும், குளமாகவும், அண்டை வீட்டாராகவும் எதிரே நிற்கிறது. இந்த வஸந்தத்தில் மூலக்குளத்து அன்பர்கள் கதவைத் திறந்து வெளியே வரட்டும்; குழந்தைகளையும் கைப்பிடித்து அழைத்து வரட்டும்.