விதியும் நடுவரும்

கரோல் பாக்கில் எங்கள் வீட்டு மாடியில் விடுமுறைதோறும் தாயக்கட்டை உருளும். தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்கலாகாது என்பதில் யாவரும் உடன்படுவர். எதிரியின் காயை வெட்டாமல் உள்சுற்றில் புகலாமா என்பதில்தான் தஞ்சைக் குடும்பத்துக்கும் நெல்லைக் குடும்பத்துக்கும் வழக்கு. சென்ற மாதம் அவ்வழக்கில் தோற்ற எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டே எழுந்து சென்றான்.

இதே வழக்கு வேறு வடிவில் நெடுங்காலம் நடந்துள்ளது. பிரஷ்யப் படைக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டில், ஒவ்வொரு தாக்குதலின் இழப்பையும் பகடையும் அட்டவணையும் தீர்மானித்தன. ஏடு புரட்டியே நடுவர் களைத்தார். 1876இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமிக்க அதிகாரியின் முடிவே போதும் என்றார். ஆட்டம் விரைந்தது. ஆயினும் மேலதிகாரியே நடுவராயின் இளையவர் மறுத்துப் பேசுவரோ?

1974இல் அமெரிக்கரான கைகாக்ஸும் ஆர்னிசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வழியில் வந்ததே. ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். கதையை நடத்துபவரே நடுவர். வேட்டியைக் கயிறாக்கி மதிலேறுவேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கு எந்த நூலில் விதி இருக்கும்? அங்கே நடுவரின் மதியே வழி. பாத்திரத்தின் உயிர் போகுமிடத்திலோ, முன்னரே அறிவித்த விதி வேண்டும். ‘செய்யலாம்’, ‘செய்தல் வேண்டும்’ என்னும் இரண்டையும் கோப்புகளில் நாள்தோறும் பெயர்த்தெழுதும் எனக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஒருமுறை சொன்ன தீர்ப்பு நடுவரின் நண்பருக்கும் மறுமுறை பொருந்த வேண்டும்.

இப்போது எங்கள் மாடியில் கட்டம் வரையுமுன்பே, “வெட்டு உண்டா, இல்லையா?” என்னும் கேள்வி எழுகிறது. கேட்பவன் அந்தச் சிறுவனே.