மெய்நிகர் தலையணியில் கணினி விளையாட்டு: தடுமாற்றமும் தீர்வும்

முன்னுரை

தொல்காப்பிய மரபியல், உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்துங்கால், தொடுதல், சுவைத்தல், முகர்தல் ஆகியவற்றுக்குப் பின் காணுதலை நான்காம் அறிவாக வைக்கிறது. கண்ட காட்சியை மெய்யென நம்புவது உயிரின் இயல்பு. அவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டு, இல்லாத இடத்தை இருப்பதாக உணரச் செய்வது மெய்நிகர் நுட்பம். கடைகளில் 'வி.ஆர். ஹெட்செட்' என்று விற்கப்படும் தலையணி இன்று மாணவர் கைகளுக்கும் வந்துவிட்டது. அதற்கெனவே ஆக்கப்பட்ட விளையாட்டுகளோடு அமையாது, மேசைக் கணினித் திரைக்கென ஆக்கப்பட்ட பொதுவான விளையாட்டுகளையும் அதனுள் ஆடிப் பார்க்க இளைஞர் விழைகின்றனர். அப்போது படம் தயங்கித் தயங்கி நகர்கிறது. சில நிமிடங்களில் தலை சுற்றுகிறது. உடனே, "வரைகலை அட்டை போதாது, புதிது வாங்க வேண்டும்" என்று முடிவு செய்துவிடுகின்றனர். அச்செலவு பெற்றோர் தலையில் விழுகிறது. ஆனால் குறை எப்போதும் அட்டையில் இருப்பதில்லை. குறையின் இடத்தை அறிந்த பின்னரே செலவைப் பற்றி எண்ண வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கண்ணின் காட்சி

நம் பகுதியின் கோடியக்கரையில் கடலை நோக்கி நின்று ஒரு சிறு சோதனை செய்யலாம். கரையருகே நிற்கும் படகை, ஒரு கண்ணை மூடி மறு கண்ணாலும், பின் மாற்றியும் பார்த்தால், படகு பின்னணியினின்று சற்றே இடம்பெயர்வது போலத் தோன்றும். அடிவானத்தில் செல்லும் கப்பலோ இடம்பெயர்வதாகத் தெரியாது. அருகிலுள்ள பொருளை இரு கண்களும் வெவ்வேறு கோணத்தில் காண்கின்றன. அந்த வேறுபாட்டையே மூளை ஆழமாக உணர்கிறது. 1967-இல் அமைக்கப்பட்ட கோடியக்கரைச் சரணாலயத்தில் மேயும் வெளிமானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் உள்ளன; பகையை அறிய அவற்றுக்கு அகன்ற பார்வை வேண்டும். மனிதக் கண்களோ முன்னோக்கி அமைந்து, ஒரே காட்சியை இருமுறை காண்கின்றன.

இரு கண்ணால் காணும் பொருள் ஒன்றாகத் தோன்றுவது எவ்வாறு என்பதைப் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலில் ஆராய்ந்தார். 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன், இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி ஆழத்தைத் தோற்றுவிக்கும் கருவியை அறிவித்தார். 1968-இல் ஐவன் சதர்லாண்ட், கணினி வரையும் படத்தைத் தலையில் அணியும் கருவியில் காட்டினார். இன்றைய தலையணி இவ்வரிசையில் வந்ததே.

உடல் மறுப்பதன் காரணம்

படகில் முதன்முறை செல்வோர்க்குக் குமட்டல் ஏற்படுவது கடற்கரை மக்கள் அறிந்ததே. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது. படகின் உட்புறத்தையே பார்க்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இம்முரண்பாடே குமட்டலாகிறது. அடிவானத்தை நோக்கினால் அது தணிவதும் இதனாலேயே. தலையணியில் நிகழ்வது இதன் மறுதலை. நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் ஓட்டத்தைக் காண்கிறது. உட்காது அமைதியைச் சொல்கிறது. அதன்மேல், தலையைத் திருப்பியவுடன் காட்சி திரும்பாமல் பிந்தி வருமாயின் முரண்பாடு பன்மடங்காகும். ஆகவே தலைசுற்றலை ஆடுபவரின் கோழைத்தனம் என்று எள்ளுதல் தவறு.

தலை அசைவுக்கும் அதற்கேற்ற ஒளி கண்ணை அடைவதற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 20 மில்லி வினாடிக்குள் அமைதல் வேண்டும் என்பது இத்துறையினர் கொள்ளும் அளவு. தலையின் அசைவைக் கணித்து முன்கூட்டியே படத்தை ஆயத்தம் செய்யும் முறைகளால் இது எட்டப்படுகிறது. ஆகுலஸ் நிறுவனத்தின் தொடக்கக் காலத்தில் தலையசைவைக் கண்டறியும் முறைகளை உருவாக்கிய ஸ்டீவன் லாவல், 2015-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மெய்நிகர் நுட்பம் குறித்த பாடவரிசையை நடத்தினார். என்பிடெல் வழியாக வந்த அப்பாடங்கள் மாணவர் கேட்டுப் பயன்பெறத் தக்கவை.

சுமையின் கணக்கு

வழக்கமான முழு எச்.டி. திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 2020-இல் வெளிவந்த குவெஸ்ட் 2 தலையணியில் கண்ணுக்கு 1832 பெருக்கல் 1920. இரு கண்ணுக்கும் சேர்த்து 70 இலட்சத்திற்கு மேல். திரைக்கு வினாடிக்கு 60 படம் போதும். ஒரு படத்திற்கு 16.7 மில்லி வினாடி கிடைக்கும். தலையணியில் வினாடிக்கு 90 படம் எனின், கிடைப்பது 11.1 மில்லி வினாடியே. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு வினாடிக்குரிய வேலை ஏறத்தாழ 5 மடங்காகிறது. வில்லையின் வளைவைச் சரிசெய்ய இதனினும் பெரிதாக வரைவதும் உண்டு. திரையில் நன்கு ஓடிய விளையாட்டு தலையணியில் திணறுவது வியப்பன்று.

மூன்று வழிகள்

பொதுவான விளையாட்டைத் தலையணிக்குள் கொணர மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தலையணிக்குள் ஒரு பெருந்திரையைத் தோற்றுவித்து, அதில் விளையாட்டைத் திரைப்படம் போலக் காட்டுதல். இதில் ஆழம் இல்லை, சுமையும் குறைவு, தலைசுற்றலும் அரிது. இரண்டாவது, ஒருமுறை வரைந்த படத்தையும், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற குறிப்பையும் கொண்டு மறு கண்ணுக்குரிய படத்தை உருவாக்குதல். இது நடுத்தரச் சுமை. பொருள்களின் விளிம்பு சற்றே சிதையும். மூன்றாவது, ஒவ்வொரு கண்ணுக்கும் காட்சி முழுவதையும் தனித்தனியே வரைதல். ஆழம் மெய்யாகத் தோன்றும்; சுமையோ ஏறத்தாழ இரட்டிப்பு. வோர்ப்எக்ஸ் என்னும் மென்பொருள் இவற்றுள் பல முறைகளையும் தருகிறது. 2024 தொடக்கத்தில் வந்த யூ.இ.வி.ஆர்., அன்ரியல் எஞ்சினின் 4, 5 ஆகிய பதிப்புகளில் ஆக்கப்பட்ட விளையாட்டுகளுக்கு உதவுகிறது. படம் திணறினால், மூன்றாம் வழியினின்று இரண்டாம் வழிக்கு இறங்குவதே செலவில்லாத முதல் மருந்து.

குறை நாடும் முறை

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி. அந்நெறி ஈண்டும் பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனால் பயன் கிட்டியது என்று அறிய இயலாது.

முதற்கண், கணினித் திரையையும் தலையணியையும் ஒப்பிட வேண்டும். கணினித் திரையில் படம் சீராக ஓடித் தலையணியில் மட்டும் தடுமாறினால், பெரும்பாலும் குறை இடைவழியில் உள்ளது. கம்பியில்லாத் தொடர்பாயின், ரௌட்டரைக் கணினியுடன் கம்பியால் இணைத்து, தலையணியை 5 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதே அறையில் இயக்குக. கம்பித் தொடர்பாயின் யூ.எஸ்.பி. 3 வகைக் கம்பியும் துளையுமா என்று காண்க.

திரையிலும் தடுமாறினால் குறை கணினியினுள் உள்ளது. மடிக்கணினி மின்னிணைப்பின்றி ஓடுகிறதா, மின்சேமிப்பு நிலையில் உள்ளதா, தனி வரைகலை அட்டை இருந்தும் உள்ளமைந்த சிறு அட்டையே விளையாட்டை இயக்குகிறதா என்பவற்றை முதலில் காண வேண்டும். பின்னணியில் ஓடும் தேவையற்ற மென்பொருள்களை மூடுக. விளையாட்டின் உள்ளே படவேகத்திற்கு விதித்த வரம்பையும், வி-சிங்க் என்னும் அமைப்பையும் நீக்குக. வேகத்தை வகுக்க வேண்டியது தலையணியே.

இவற்றாலும் தீராதாயின் ஒரு சோதனை செய்க. படப்புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து ஓட்டுக. வேகம் நன்கு கூடினால் சுமை வரைகலை அட்டையின்மீது உள்ளது. அப்போது பிரதிபலிப்பு, நிழலின் நுண்மை, விளிம்பை மென்மையாக்கும் அமைப்பு ஆகியவற்றைக் குறைக்கலாம். வேகம் கூடவில்லையெனில் சுமை பிராசஸர் என்னும் மையச் செயலகத்தின்மீது உள்ளது. அப்போது காட்சியின் தொலைவு, கூட்டத்தின் அளவு, நிழல்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். இந்நிலையில் விலையுயர்ந்த வரைகலை அட்டை வாங்கினும் பயன் சிறிதே. ஸ்டீம்வி.ஆர். மென்பொருள் காட்டும் கால வரைபடத்தில் இவ்விரண்டின் பணிநேரத்தையும் தனித்தனியே காணலாம்.

இறுதியாக, வேகத்தினும் சீர்மையே பெரிது. 90-க்கும் 60-க்கும் இடையே ஊசலாடும் படத்தினும், 72-இல் நிலைத்து நிற்கும் படம் உடலுக்கு இனிது. சில தலையணிகள், கணினி வினாடிக்கு 45 படமே தந்தாலும், இடைப்பட்ட படங்களைத் தாமே கணித்து 90 ஆக்கும். நகரும் பொருளின் ஓரத்தில் நெளிவு தோன்றுவது அதன் அடையாளம். இது ஊன்றுகோலே, கால் அன்று.

காக்க வேண்டியவை

அசைவால் படம் மங்கும் அமைப்பையும், நடக்கும்போது காட்சி குலுங்கும் அமைப்பையும் நீக்கிவிடுக. விளையாட்டின் பார்வைக் கோணம் தலையணியின் கோணத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடில் உலகமே நீந்துவது போலத் தோன்றும். தொடக்கத்தில் 10 நிமிடம் ஆடிப் பின் ஓய்வு கொள்ளுதல் நன்று. குமட்டல் தோன்றிய கணமே நிறுத்த வேண்டும். பழகிவிடும் என்று பொறுத்திருத்தல் கூடாது. பலர் கூடி இணையத்தில் ஆடும் போட்டி விளையாட்டுகளில் இத்தகைய மென்பொருளை நுழைத்தால், ஏமாற்றுவோரைத் தடுக்கும் காவல் அமைப்பு அதனையும் களவென்றெண்ணிக் கணக்கையே முடக்கிவிடக்கூடும். ஆதலின் தனியே ஆடும் விளையாட்டுகளோடு நிற்பதே அறிவுடைமை.

முடிவுரை

குறை இடைவழியிலா, அமைப்பிலா, அட்டையிலா, செயலகத்திலா என்பதை வரிசையாக ஆராய்வோர்க்குப் பல வேளைகளில் ஒரு ரூபாயும் செலவின்றித் தீர்வு கிட்டும். இப்பழக்கம் விளையாட்டோடு முடிவதன்று. பழுதுபட்ட நீர் இறைப்பானைப் பார்க்கும் உழவர்க்கும், ஆய்வுக்கூடத்தில் நிற்கும் மாணவர்க்கும் தேவையான பழக்கமே. புதிய கருவி வேண்டும் என்று பிள்ளை கேட்கும்போது, "இருப்பதில் குறை எங்கே என்று சோதித்தாயா?" எனப் பெரியோர் வினவுதலும், அதற்கு மாணவர் சான்றோடு விடை கூறுதலும் வீட்டிலும் கல்லூரியிலும் வழக்கமாகுமாயின், விளையாட்டும் ஒரு கல்வியாகும்.