சிறு விமானத்தின் மேலெழும்பும் திறன்: அளவீடும் பயனும்

நாட்டின் போக்குவரத்து வளர்ச்சியில் இரட்டை எஞ்சின் சிறு விமானங்களுக்குத் தனியிடம் உண்டு. மலைப்பகுதிகள், தீவுகள், எல்லையோர மாவட்டங்கள் ஆகிய பல இடங்களில் பெரிய ஜெட் விமானங்கள் இறங்க வசதியில்லை. நீண்ட ஓடுபாதைக்கு வேண்டிய நிலம் அங்குக் கிடைப்பதரிது. கிடைத்தாலும் அதற்கேற்ற அளவில் பயணிகள் இரார். இத்தகைய இடங்களை நாட்டின் பிற பகுதிகளுடன் இணைக்கும் பணியைச் சிறு விமானங்களே செய்ய வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கலந்துகொண்ட ஓர் ஆய்வுக் கூட்டத்தில், "19 இருக்கைகள் உள்ள விமானத்தில் 13 பேரை மட்டும் ஏற்றிச் செல்வது ஏன்? இது அரசுப் பணத்தை வீணாக்குவதாகாதா?" என்ற கேள்வி எழுந்தது. பொருளியல் பயின்ற எனக்கும் அக்கேள்வி அன்று நியாயமானதாகவே தோன்றியது. அதற்கான விடை கணக்குப் புத்தகத்தில் இல்லை, ஓடுபாதையில் எடுக்கப்படும் அளவீடுகளில் உள்ளது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அந்த அளவீடுகளை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளக்கப்படுவது எது?

விமானம் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, சக்கரங்கள் தரையை விட்டு நீங்கும் வரை ஓடும் தூரம் தரையோட்டம் எனப்படும். பின்னர் அது சற்றே மேலேறி, தரையிலிருந்து 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தை அடைகிறது. ஓடுபாதையின் முனையில் இந்த உயரத்தில் ஒரு கற்பனைத் திரை இருப்பதாகக் கொள்வது மரபு. புறப்பட்ட இடத்திலிருந்து இத்திரையைக் கடக்கும் இடம் வரையுள்ள கிடைத் தூரமே மேலெழும்பும் தூரம். விமானத்தின் கையேட்டில் தரையோட்டம், மேலெழும்பும் தூரம் ஆகிய இரண்டும் தனித்தனியே தரப்படும்.

தரையோட்டத்தைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் தூரம் கிடைக்கும். ஒரு விமானம் விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் தரையை விட்டு நீங்குவதாகவும், அதன் சராசரி முடுக்கம் விநாடி வர்க்கத்திற்கு 2 மீட்டர் என்றும் கொள்வோம். தரையோட்டம் 400 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் 20 விநாடிகள். இந்த விமானத்தையே நமது எடுத்துக்காட்டாக இறுதிவரை வைத்துக்கொள்வோம்.

சோதனை நடைபெறும் முறை

கணக்கு எளிதாயினும் அளவீடு எளிதன்று. முதலில் விமானம் எடை மேடையில் நிறுத்தப்பட்டு எடை பார்க்கப்படுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் எரிபொருள் குறைவதால், அந்தந்த ஓட்டத்தின்போது இருந்த எடை தனியே கணக்கிடப்படும். காற்றின் வேகமும் திசையும், வெப்பநிலை, காற்றழுத்தம், ஓடுபாதையின் சரிவு, அதன் மேற்பரப்பின் தன்மை ஆகியவை அனைத்தும் குறித்துக்கொள்ளப்படுகின்றன. காற்று பலமாக வீசும் வேளையில் சோதனை நடத்தப்படுவதில்லை.

முற்காலத்தில் ஓடுபாதையின் பக்கவாட்டில் தியோடலைட் கருவியும் திரைப்படக் காமிராவும் வைத்து, விமானம் எந்த விநாடியில் எந்த இடத்தில் இருந்தது என்பது கணிக்கப்பட்டது. இன்று தரைநிலையத்தின் திருத்தத்துடன் கூடிய செயற்கைக்கோள் இடமறி கருவிகள் அப்பணியைச் செய்கின்றன. சக்கரத்தின் மீதுள்ள பளு நீங்கிய கணத்தைத் தரையிறங்கு சாதனத்திலுள்ள மின்விசை தெரிவிக்கும்.

ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு செய்தல் கூடாது. விமானி பிரேக்கை எப்போது தளர்த்தினார், மூக்கை எந்த வேகத்தில் உயர்த்தினார் என்பதைப் பொறுத்தே தூரம் மாறும். ஆகவே ஒரே முறையைப் பின்பற்றிப் பல ஓட்டங்கள் நிகழ்த்தப்பட்டு, அவை பொதுவான நிலைமைக்கு மாற்றப்பட்ட பின்னரே சராசரி காணப்படுகிறது. அந்தப் பொதுவான நிலைமையே சர்வதேசத் தர வளிமண்டலம். கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்றும், ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை 6.5 டிகிரி குறையும் என்றும் அது கொள்கிறது.

வெப்பமும் உயரமும்

நமது சமவெளிகளில் கோடைப் பகலில் 15 டிகிரி வெப்பநிலையை எவரும் எதிர்பார்க்க இயலாது. வெப்பம் மிகும்போது காற்றின் அடர்த்தி குறைகிறது. அதனால் இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை கிடைக்க விமானம் கூடுதல் வேகம் பெற வேண்டும். அதே சமயம் எஞ்சினின் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. இவ்விரு விளைவுகளும் ஒன்றையொன்று பெருக்குவதால், தரையோட்டம் ஏறத்தாழ அடர்த்தியின் வர்க்கத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். கடல் மட்டத்தில் 40 டிகிரி வெப்பம் நிலவினால் அடர்த்தி தரநிலையில் 92 சதவீதமாகும். தரையோட்டம் 18 சதவீதம் கூடும். 400 மீட்டர் 472 மீட்டராகிவிடும்.

லே விமானநிலையத்தின் நிலைமை இன்னும் கடுமையானது. அது கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையில் அங்கு 25 டிகிரி வெப்பம் நிலவும் நாளில் காற்றின் அடர்த்தி தரநிலையில் சுமார் 65 சதவீதமே. தரநிலை வளிமண்டலத்தில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் காணப்படும் அடர்த்தி இது. காற்றழுத்தியின் துணையற்ற எஞ்சினைக் கொண்ட நமது விமானம் அங்கே ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ 955 மீட்டர், அதாவது இருமடங்கிற்கும் மேலாகும். லேயில் விமானப் போக்குவரத்து பெரும்பாலும் காலை வேளையிலேயே நடைபெறுவதற்குப் பிற்பகல் காற்றுடன் இதுவும் ஒரு காரணமாகும்.

எடை, காற்று, தரை

எடை கூடினாலும் இத்தகைய இரட்டை விளைவே ஏற்படுகிறது. 10 சதவீதம் எடை கூடினால் தரையோட்டம் 21 சதவீதம் கூடும். பின்னாலிருந்து வீசும் காற்று மேலெழும்பும் வேகத்தில் பத்திலொரு பங்காக இருப்பினும் தூரம் 21 சதவீதம் கூடும். அதே காற்று எதிர்த்திசையில் வீசினால் 19 சதவீதம் குறையும்.

கையேட்டிலுள்ள எண்கள் புதிய விமானத்தில், தேர்ந்த சோதனை விமானியால், உலர்ந்த கடினமான ஓடுபாதையில் பெறப்பட்டவை. அன்றாடப் பணியில் எஞ்சின் பழையதாக இருக்கலாம். தரையும் ஈரமாக இருக்கலாம். பிரிட்டனின் சிவில் விமானத்துறை ஆணையம் சிறு விமான ஓட்டிகளுக்கு வழங்கியுள்ள வழிகாட்டுதலின்படி, உலர்ந்த புல்தரைக்கு 20 சதவீதமும் ஈரமான புல்தரைக்கு 30 சதவீதமும் தூரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இவையனைத்துக்கும் பிறகு, பொதுவான பாதுகாப்புக்காக மொத்தத்தை 1.33ஆல் பெருக்குமாறும் அது அறிவுறுத்துகிறது. அளந்த எண்ணுக்கும் நம்பத்தக்க எண்ணுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி தேவைப்படுகிறது.

ஓர் எஞ்சின் நின்றுவிட்டால்

இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றால் பாதித் திறன் மட்டுமே குறையும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறாகும். மேலேறும் வேகத்தைத் தீர்மானிப்பது மொத்த ஆற்றல் அன்று. கிடைமட்டமாகப் பறப்பதற்குத் தேவையானது போக எஞ்சும் உபரி ஆற்றலேயாகும். இரு எஞ்சின்களும் சேர்ந்து 200 அலகு ஆற்றல் தருவதாகவும், பறப்பதற்கு 80 அலகு தேவைப்படுவதாகவும் கொள்வோம். உபரி 120. ஓர் எஞ்சின் நின்றால் கிடைப்பது 100. நின்ற எஞ்சினின் விசிறியும் ஒருபக்கமாக இழுபடும் விமானத்தை நேராக்குவதற்கான சுக்கான் திருப்பமும் இழுவையைக் கூட்டுவதால், தேவை 90 அலகாக உயர்கிறது. உபரி 10 மட்டுமே. ஆற்றலில் பாதி போனதும் மேலேறும் திறனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. வெப்பமான நாளில், முழு எடையுடன், அந்தப் பத்து அலகும் இல்லாமற்போகக்கூடும்.

அமெரிக்க விதிகளில் நெடுங்காலம், 6,000 பவுண்டுக்கு மேற்படாத எடையும் குறைந்த தளர்வேகமும் கொண்ட இரட்டை எஞ்சின் விமானம், ஒற்றை எஞ்சினில் மேலேறியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. மேலும், ஒவ்வொரு இரட்டை எஞ்சின் விமானத்திற்கும் கட்டுப்பாட்டுக் குறும வேகம் என ஒன்றுண்டு. அதற்குக் கீழே ஓர் எஞ்சின் முழு ஆற்றலுடன் இயங்கி மற்றொன்று நின்றுவிட்டால், சுக்கானால் விமானத்தை நேராக நிறுத்த இயலாது. எஞ்சின் இரண்டென்பதே பாதுகாப்பாகிவிடாது; அளவீடும் பயிற்சியும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பாகும்.

ஆகவே மற்றொரு தூரத்தையும் அறிதல் வேண்டும். அதுவே ஓடி நிறுத்தும் தூரம். நமது விமானம் 400 மீட்டர் ஓடி, தரையை விட்டு நீங்கும் தருவாயில் ஓர் எஞ்சின் நின்றதாகக் கொள்வோம். விமானி அதை உணர்ந்து செயற்பட 3 விநாடி ஆகுமானால் அதற்குள் 120 மீட்டர் கடந்துவிடும். பிறகு விநாடி வர்க்கத்திற்கு 2.5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்து நிறுத்த 320 மீட்டர் வேண்டும். மொத்தம் 840 மீட்டர். மேலெழும்ப 600 மீட்டர் ஓடுபாதை போதும் என்று கருதியவர், நிறுத்த வேண்டிய வேளையில் 240 மீட்டர் குறைவதைக் காண்பார்.

திட்டமிடுவோருக்கு

இந்த அளவீடுகள் விமானிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டுதலின்படி, ஓடுபாதையின் அடிப்படை நீளத்தை ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் 7 சதவீதமும், அவ்விடத்தின் தரநிலை வெப்பத்தைவிட மிகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதமும் கூட்டுதல் வேண்டும். 600 மீட்டர் உயரத்தில், 36 டிகிரி அடிப்படை வெப்பநிலை கொண்ட ஓரிடத்தில், 1,000 மீட்டர் ஓடுபாதை முதலில் 1,140 மீட்டராகவும், பின்னர் ஏறத்தாழ 1,424 மீட்டராகவும் வளர்கிறது. திருத்தம் 35 சதவீதத்தைத் தாண்டுமிடத்தில் தனி ஆய்வு தேவை என்றும் அவ்வழிகாட்டுதல் கூறுகிறது.

ஓடுபாதையை நீட்ட இயலாவிடில் எடையைத்தான் குறைக்க வேண்டும். எடையைக் குறைத்தால் இருக்கைகள் காலியாகும். ஒரு பயணத்தின் செலவு 1,90,000 ரூபாய் என வைத்துக்கொண்டால், 19 பேர் சென்றால் தலைக்கு 10,000 ரூபாய். 13 பேர் சென்றால் 14,615 ரூபாய். இடைவெளியை நிரப்புவது மானியமே. 2016இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் முதற்பயணம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்குத் தொடங்கியது. மலைமீதமைந்த சிம்லாவின் குறுகிய ஓடுபாதையும் இந்த எடைக் கட்டுப்பாட்டுக்கு விலக்கன்று.

இதில் செலவில்லாத சீர்திருத்தமும் ஒன்றுண்டு. 40 டிகிரி வெப்பமுள்ள பிற்பகலில் 5,700 கிலோ எடையுடன் மட்டுமே மேலெழும்ப அனுமதிக்கும் ஓர் ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். அதே பயணத்தை 28 டிகிரி வெப்பமுள்ள காலை வேளைக்கு மாற்றினால், மேற்கண்ட விதிப்படி ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது சுமார் 225 கிலோ கூடுதலாக ஏற்றலாம். மூட்டைமுடிச்சுடன் இரு பயணிகள் இதனால் இடம் பெறுவர். கால அட்டவணை தயாரிக்கும் அலுவலர் வெப்பமானியையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இந்திய அனுபவம்

19 இருக்கைகள் கொண்ட டோர்னியர் 228 விமானத்தை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கான்பூரில் உற்பத்தி செய்து வருகிறது. இங்குத் தயாரான அவ்விமானம் 2022 ஏப்ரல் 12 அன்று அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டிற்கு முதல் வணிகப் பயணத்தை மேற்கொண்டது.

தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த இரட்டை எஞ்சின் விமானமான சரஸ், 2004 மே 29 அன்று முதன்முதலாகப் பறந்தது. திட்டமிட்டதைவிட எடை கூடியது அதன் வடிவமைப்பாளர்கள் எதிர்கொண்ட பெரும் பிரச்சினையாக இருந்தது. 2009 மார்ச் 6 அன்று அதன் இரண்டாம் மாதிரி பெங்களூருக்கு அருகே பிடதியில் விழுந்து நொறுங்கியது. வானில் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனையின்போது நிகழ்ந்த அவ்விபத்தில் விமானப்படையைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். திருத்தியமைக்கப்பட்ட மாதிரி 2018 ஜனவரி 24 அன்று மீண்டும் பறந்தது. கையேடுகளிலுள்ள எண்களுக்குப் பின்னே சோதனைக் குழுவினர் ஏற்கும் அபாயம் உள்ளது என்பதை நாம் மறத்தலாகாது.

முடிவாக

அன்றைய கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். காலியாக இருந்த ஆறு இருக்கைகள் விரயம் அல்ல. அந்த வெப்பத்தில், அந்த உயரத்தில், அந்த நீளமுள்ள பாதையில் ஓர் எஞ்சின் நின்றாலும் மற்ற 13 பேரும் உயிருடன் திரும்புவதற்காகச் செலுத்தப்பட்ட விலை. அவ்விலையைக் குறைக்க விரும்புவோர் பயண நேரத்தை மாற்றலாம், ஓடுபாதையை நீட்டலாம், பொருத்தமான விமானத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அளவீட்டைப் புறக்கணித்து இருக்கைகளை நிரப்புமாறு வற்புறுத்துவது மட்டும் எந்நாளும் வழியாகாது.