மார்கழி தெரிந்த கருவி

சிதம்பரம் மேல வீதியில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாள் ஒருவர் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து விளக்கைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொல்லைக் கதவு திறக்கிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, பிறகு வாசல் கதவு. ஆடி மாதத்தில் இப்படி நடந்தால் யாராவது எட்டிப் பார்ப்பது நல்லது. தூக்கம் வராமல் இருக்கலாம், மூச்சு முட்டியிருக்கலாம், நினைவு தடுமாறி வெளியே கிளம்பியிருக்கலாம். மார்கழியில் நடந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, கோலம் போடப் போகிறார். திருவாதிரை என்றால் இன்னொரு கணக்கு. ஆயிரங்கால் மண்டபத்தில் நடராஜருக்கு அபிஷேகம் நடக்கும் அந்த விடியலில், வருஷா வருஷம் போகிறவர் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால்தான் கதவைத் தட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இதெல்லாம் யோசிக்காமலே புரியும். கருவிக்கு அதைப் புரியவைக்கும் முயற்சிக்குச் சூழல் உணர் கணினியியல் என்று பெயர். யார், எங்கே, எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் கணினி. அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்த மார்க் வெய்சர், கண்ணுக்குத் தெரியாமல் அன்றாட வாழ்க்கையோடு கலந்துவிடும் கணினிகளைப் பற்றி 1991-இல் எழுதினார். 1994-இல் அதே கூடத்தைச் சேர்ந்த பில் ஷிலிட்டும் சகாக்களும் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டினார்கள். முதியவர்கள் சொந்த வீட்டிலேயே காலம் தள்ள இது உதவுமா என்று பார்ப்பதற்காக அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனம் ஒரு வீட்டையே கட்டிப் பார்த்தது.

கருவிகள் எளியவைதான். ஆள் நடமாட்டத்தை அறியும் உணரி சுவரில் இருக்கும். கதவில் ஒரு காந்தத் துண்டு. மெத்தைக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு, இதயம் துடிக்கும்போது உடம்பில் எழும் நுண்ணிய அதிர்விலிருந்து நாடித் துடிப்பையும் மூச்சையும் அது கணக்கிடும். பெங்களூரின் டோஸி நிறுவனம் இத்தகைய தகட்டைத்தான் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவை சொல்வது சொற்பம். மூன்று நான்கு சேர்ந்து, சில வாரம் ஒருவருடைய அன்றாடத்தைப் பார்த்துப் பழகிய பிறகுதான் ‘இன்று ஏதோ சரியில்லை’ என்று சொல்ல முடிகிறது.

இந்த வகையில் மிக அழகான உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. 1996-இல் தோக்கியோவில் ஒரு வயதான தாயும் நோயாளி மகனும் வீட்டுக்குள் இறந்து கிடந்தது வெகுநாள் கழித்தே வெளியே தெரிந்தது. அந்தத் துயரத்தின் தாக்கத்தில் பிறந்தது சோஜிருஷி நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த வெந்நீர்க் கெட்டில். தேநீருக்காக அந்த ஊர்ப் பெரியவர்கள் நாளெல்லாம் வெந்நீர் எடுப்பார்கள். எப்போது எடுத்தார்கள் என்ற விவரம் மட்டும் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குச் செய்தியாகப் போகும். கேமரா கிடையாது, மணிக்கட்டில் எதையும் கட்டிக்கொள்ள வேண்டாம். அம்மா காலையில் தேநீர் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் மகனுக்கு அன்றைய பொழுது நிம்மதியாக விடியும்.

கெட்டில் அந்த ஊர்ப் பழக்கத்தில் ஊறியிருந்ததால்தான் அந்த யோசனை பலித்தது. கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ இருக்கும் ஒரு வீட்டுக்கு வேறு கணக்கு வேண்டும். தரையில் ஒருவர் நீட்டிப் படுத்திருந்தால் விழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வது, எல்லோரும் கட்டிலில் தூங்கும் ஊரில் தயாரான கருவிக்கு இயல்பு. இங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிமெண்ட் தரையில் பாய்கூட இல்லாமல் முந்தானையை விரித்துப் படுப்பது வழக்கம். முட்டி வலிக்காரர் தரையில் உட்காரும்போது கடைசி ஒரு சாண் தொப்பென்றுதான் இறங்குவார். மணிக்கட்டுக் கடிகாரம் அதையும் விழுந்ததாக எண்ண வாய்ப்புண்டு. ஆப்பிள் கடிகாரத்தில் 2018-இல் வந்த வசதி, பலமாக விழுந்தவர் ஒரு நிமிடம்போல அசையாமல் கிடந்தால் தானே அவசர அழைப்பு விடுக்கும். ஏகாதசி விரதத்தன்று அடுப்படியில் நடமாட்டமே இருக்காது, அதையும் ஆபத்தென்று கருவி நினைக்கலாம். நாலு முறை வீணாக அலறிய கருவியை ஐந்தாம் முறை யாரும் மதிப்பதில்லை.

ஆகவே நம் வீடுகளில், நம் பெரியவர்களின் சம்மதத்தோடு, நம் பழக்கங்களைப் பார்த்து இந்தக் கருவிகளைப் பழக்க வேண்டும். இதற்குச் சிதம்பரத்தைவிடத் தோதான ஊர் அமைவது அரிது. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலமும், 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் நிறுவனமும் அண்ணாமலை நகரில் அருகருகே இருக்கின்றன. சுற்றிலும் மீனவர் குப்பம், நெல் விளையும் கிராமம், கோயில் வீதி என்று மூன்று விதமான வாழ்க்கை.

தேவை அவசரமானது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயது கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031-இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசு நிபுணர் குழுவின் மதிப்பீடு. பிள்ளைகளோ சென்னையில், சிங்கப்பூரில், வளைகுடாவில்.

கருவி அலறுகிறது, சரி. யார் வருவார்? துபாயில் இருக்கும் மகனின் கைப்பேசி நள்ளிரவில் ஒலித்து, அவர் பதறிப்போய் ஊரில் யாரைக் கூப்பிடுவது என்று தேடுவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். விற்பனை விளம்பரங்கள் பேசாமல் விடும் இடம் இதுதான். முதல் செய்தி போக வேண்டியது எதிர்வீட்டுக்கு, இரண்டாவது தெருமுனையில் இருக்கும் உறவுக்கு, மூன்றாவதுதான் மகனுக்கு. 108-ஐ அழைக்க வேண்டுமா என்பதை நேரில் போய்ப் பார்த்தவர் முடிவு செய்வார்.

அப்படி நேரில் போகிற ஆட்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், பிரஷர் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியுமாக வீடு வீடாகப் போகிறார்கள். மாத்திரை கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் இத்திட்டத்தில் உண்டு. 2024-இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. ‘போன வாரம் நன்றாகப் பேசிய தாத்தா இன்றைக்கு வார்த்தை குழறுகிறார்’ என்று கவனிப்பவர் அந்தத் தெருவுக்கு வரும் தன்னார்வலர்தான். உணரிகள் திரட்டும் தகவல் எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினியில் தேங்குவதைவிட, ‘இந்த வாரம் இந்த வீட்டுக்கு முதலில் போங்கள்’ என்ற ஒரு வரியாக அவர் கைப்பேசிக்கு வந்தால் அதில் பயனுண்டு.

கடலூருக்கென்று இன்னொரு நிபந்தனை, புயல். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015 மழை, 2024 ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளம் என்று அது ஓயவில்லை. மின்சாரமும் இணையமும் போனதும் ஊமையாகிவிடும் கருவி, மிகத் தேவையான வாரத்தில் உதவாது. கணக்குப் போடும் வேலை வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும், பேட்டரியில் நாள்கணக்கில் ஓட வேண்டும், இணையம் இல்லாதபோது சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பத் தெரிய வேண்டும்.

புயல் வருவதை வானிலை மையம் நாள்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. யார் வீட்டில் இன்சுலின் போடுகிறார்கள், யாருக்கு மாத்திரை தீரப்போகிறது என்பது தன்னார்வலர்களின் பதிவேட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரு நிரலில் இணைத்தால், எச்சரிக்கை வந்த அன்றே பரங்கிப்பேட்டையிலும் புவனகிரியிலும் எந்தெந்த வீட்டுக்கு மருந்து கூடுதலாகக் கொடுத்துவைக்க வேண்டும், யாரை முதலில் முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற பட்டியல் கைக்கு வந்துவிடும். இதற்குப் புதிதாக ஓர் உணரிகூட வாங்க வேண்டியதில்லை.