மிதிவண்டி டிஸ்க் பிரேக்: எண்ணெயே முதல் எதிரி

மிதிவண்டியின் டிஸ்க் பிரேக், சக்கரத்தின் ரிம்மைப் பிடிப்பதற்கு மாறாக, ஹப்போடு சேர்ந்து சுழலும் மெல்லிய எஃகுத் தட்டை இருபுறமும் இறுக்கி வண்டியை நிறுத்துகிறது. பெரும்பாலும் 160 அல்லது 180 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தத் தட்டு டிஸ்க் எனவும், அதன்மீது அழுந்தும் உராய்வுக் கட்டைகள் பேட் எனவும், பேட்களைத் தாங்கும் கவ்வி காலிப்பர் எனவும் வழங்கப்படுகின்றன. ரிம் சேற்றில் தோய்ந்தாலும் சற்றே கோணிப்போனாலும் பிடிப்புக் குறையாது என்பதே இந்த அமைப்பின் சிறப்பு.

அந்தப் பிடிப்பு புதிய வண்டியில் முதல் நாளே முழுமையாகக் கிடைத்துவிடுவதில்லை. பேட்டின் பொருள் சிறிது சிறிதாக டிஸ்க்கின்மீது படிந்து மெல்லிய படலமாக அமைந்த பின்னரே உராய்வு வலுப்பெறுகிறது என்பதால், சமதளச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து நடைவேகத்துக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாதவாறு, இருபது முறையேனும் சீராகப் பிரேக் பிடித்துப் பழக்குவது அவசியமாகிறது.

இப்படலத்தை அழிப்பது எண்ணெய். சங்கிலிக்குத் தெளிப்பானால் எண்ணெய் அடிக்கும்போது சிதறும் துளிகள், டயருக்குப் பூசும் பாலிஷ், கிரீஸ் படிந்த விரல்கள் ஆகிய இவையே பெரும்பாலான கிரீச்சொலிக்கும் பிடிப்புக் குறைவுக்கும் காரணம். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த தூய துணியால் துடைத்து மீட்டுவிடலாம். நன்றாக எண்ணெய் ஊறிய பேடையோ மாற்றுவதே பாதுகாப்பு. சங்கிலிக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடைத்துவிடும் எளிய பழக்கம் இவ்வளவு செலவையும் தவிர்க்கும்.

குறைந்த விலை வண்டிகளில் காணப்படும் கேபிள் டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் ஒரு பேட் மட்டுமே நகர்ந்து, டிஸ்க்கை வளைத்து, மறுபுறமுள்ள நகராத பேடின்மீது அழுத்துகிறது. பேட் தேயும்போதெல்லாம் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டுவது பரவலான, ஆனால் தவறான வழக்கம். அவ்வாறு செய்தால் காலிப்பரின் நெம்புகை பாதித் தூரம் நகர்ந்த நிலையிலேயே தொடங்கி, தேவையான அழுத்தம் பிறப்பதற்கு முன்பே தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. நகராத பேடை அதற்குரிய திருகால் டிஸ்க்குக்கு மயிரிழை இடைவெளியில் கொண்டுவந்த பிறகே கேபிளைத் தொட வேண்டும்.

திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குகள் பேடின் தேய்மானத்தைத் தாமே ஈடுசெய்துகொள்கின்றன. ஆனால் மினரல் ஆயிலுக்கென அமைந்த பிரேக்கில் டாட் (DOT) எனும் வேறு வகைப் பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் அடைப்புகள் கெட்டுப்போகும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது பிரேக் லீவரை அழுத்தினால் பேட்களை நகர்த்தும் பிஸ்டன்கள் வெளித்தள்ளப்பட்டு டிஸ்க் நுழைய இடமிராது.

பேடின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் பேடையும், புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள டிஸ்க் 1.5 மில்லிமீட்டராக மெலிந்ததும் டிஸ்க்கையும் மாற்றிவிட வேண்டும் என்பது பிரேக் தயாரிப்பு நிறுவனமான ஷிமானோ வகுத்த அளவு.

இவையனைத்தும் உண்மையாகச் சோதிக்கப்படுவது மலை இறக்கத்தில்தான். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்றதொரு பாதையில், ஓட்டுபவரும் வண்டியுமாக 90 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் காற்றின் தடை ஈர்த்துக்கொண்டது போக எஞ்சியதில் பெரும்பகுதியை அந்த இரு மெல்லிய தட்டுகளே வெப்பமாக ஏற்கின்றன. வழிநெடுக லீவரை லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க் ஆறுவதற்கு நேரமின்றிப் பேடின் மேற்பரப்பு கருகிப் பளபளத்துவிடும். ஆகவே வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவு கடந்ததும் முழுமையாக விட்டுவிடுவதே சரியான முறை. நிறுத்திய உடனே டிஸ்க்கைத் தொட்டால் விரல் வெந்துபோகும்.

முன்சக்கரம் கைநெம்பால் இறுக்கும் குவிக் ரிலீஸ் அச்சுடையதாயின் இன்னொரு கவனமும் தேவைப்படுகிறது: ஃபோர்க்கின் பின்புறம் காலிப்பர் அமைந்த வண்டிகளில் பிரேக்கின் விசை அச்சைக் கீழ்நோக்கி, அதன் பள்ளத்திலிருந்து வெளியே தள்ள முயல்வதால், இறக்கம் தொடங்கும் முன் அந்த நெம்பு நன்கு இறுகியிருப்பதைக் கையால் சோதித்துக்கொள்ள வேண்டும்.