கலிப்சோவா, சோக்காவா? டிரினிடாட் கார்னிவலுக்குப் போனால் எங்கே உட்காரணும், எங்கே குதிக்கணும்?

1986ஆம் ஆண்டு. டிரினிடாட் தீவின் தெற்கே சான் ஃபெர்னாண்டோ நகரம். ஸ்கின்னர் பார்க் திடலில் கலிப்சோ போட்டியின் அரையிறுதிச் சுற்று.

டெனிஸ் பிளம்மர் என்ற பாடகி மேடையேறினார். பார்ப்பதற்கு வெள்ளைக்காரர் போல் இருந்தார். அது கூட்டத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆரஞ்சுப் பழங்களும் கழிப்பறைக் காகிதச் சுருள்களும் மேடையை நோக்கிப் பறந்தன.

அதற்காக அவர் கலிப்சோவை விட்டுவிடவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, 2001இல், நாட்டின் கலிப்சோ மன்னர் பட்டத்தை வென்றார்.

ஒரு பாட்டுக்கு இவ்வளவு ஆவேசமா என்று தோணலாம். அங்கே அப்படித்தான். கலிப்சோ யாருடைய பாட்டு, அதை யார் பாடலாம் என்பது அந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை.

எப்போது நடக்கும்?

டிரினிடாட் & டொபேகோ, வெனிசுவேலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரட்டைத் தீவு நாடு. மக்கள்தொகை சுமார் 14 லட்சம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அங்கே கார்னிவல் காலம் தொடங்கிவிடும். கிறிஸ்துவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் உச்சகட்டம். ஈஸ்டரைப் பொறுத்துத் தேதி மாறும். 2026இல் பிப்ரவரி 16, 17. 2027இல் பிப்ரவரி 8, 9.

நேரலையில் பார்க்க நினைக்கும் சிங்கப்பூரர்களுக்கு ஒரு வசதி: அவர்கள் நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால். அங்கே ஞாயிறு இரவு 8 மணி என்றால் இங்கே திங்கள் காலை 8 மணி. கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். அலுவலகத்துக்கு என்ன காரணம் சொல்வது என்பதுதான் பிரச்சினை!

கூடாரத்தில் கேட்பது கலிப்சோ

கலிப்சோ நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குப் பெயர் 'டென்ட்'. ஒரு காலத்தில் நிஜமாகவே மூங்கிலும் கித்தானும் வைத்துக் கட்டிய கூடாரம். இப்போது மின்விசிறி, நாற்காலி எல்லாம் உள்ள மண்டபம். பெயர் மட்டும் மாறவில்லை.

உட்கார்ந்து கேட்கும் கச்சேரி இது. நகைச்சுவையோடு பேசும் அறிவிப்பாளர், பின்னால் டிரம்பெட், டிராம்போன் ஊதும் இசைக்குழு, பக்கத்தில் சேர்ந்து பாடுவோர். பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து ஓரிரு பாடல் பாடிவிட்டுப் போவார்கள். பிடித்திருந்தால் கூட்டம் 'கைசோ! கைசோ!' என்று கத்தும். கலிப்சோவின் பழைய பெயர் அது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சொல் என்பார்கள்.

இங்கே ராகத்தைவிட வரிகள்தான் முக்கியம். விலைவாசி, ஊழல், அமைச்சரின் உளறல், பக்கத்து வீட்டு ரகசியம், எதுவும் தப்பாது. அந்த அமைச்சரே முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்க வேண்டியும் வரலாம். அதனால் போவதற்கு முன்பு இரண்டு நாள் உள்ளூர்ச் செய்தியைப் படித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் சிரிக்கும்போது நீங்கள் மட்டும் முழித்துக்கொண்டு இருப்பீர்கள்.

பாடகர்களின் பெயர்களைப் பாருங்கள்: மைட்டி ஸ்பாரோ, லார்ட் கிட்ச்னர், பிளாக் ஸ்டாலின். எல்லாம் மேடைப் பெயர்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் 'லார்ட்' பட்டம் யாரும் கொடுக்கப்போவதில்லை, சரி, நாமே எடுத்துக்கொள்வோம் என்ற குறும்பு அதில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், தவறவிடக் கூடாதது 'எக்ஸ்டெம்போ'. மேடையிலேயே ஒரு தலைப்பு கொடுப்பார்கள். யோசிக்க நேரமே இல்லை. ஒரே பழைய மெட்டில், எதுகையோடு, அப்போதே பாட்டுக் கட்டிப் பாட வேண்டும். இரண்டு பேர் மோதினால் ஒருவர் தோற்றம், உடை, வயது என்று எல்லாவற்றையும் மற்றவர் கிண்டலடிப்பார். அந்தக் கிண்டலுக்கு 'பிக்கோங்' என்று பெயர். கோபப்பட்டால் தோற்றமாதிரிதான்.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் எசமானர்களைக் கேலி செய்து பாடிய பாட்டு இது. 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கார்னிவல், விடுதலை பெற்றவர்களின் தெருவிழாவாக மாறியது. ஆட்சியாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1881இல் தீப்பந்த ஊர்வலத்தை நிறுத்தக் காவல்துறை முயன்றபோது கலவரம் வெடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் முரசு கொட்டுவதற்கே தடை வந்தது.

மக்கள் என்ன செய்தார்கள்? மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். பிறகு தகர டப்பாக்கள், அதன்பின் எண்ணெய்ப் பீப்பாய்கள். இன்று உலகமே வியக்கும் ஸ்டீல்பேன் அப்படிப் பிறந்ததுதான். (அது தனிக் கட்டுரைக்கான கதை.)

பணத்திலும் போராட்டம் இருந்தது. 1956இல் கலிப்சோ மன்னர் பட்டம் வென்ற மைட்டி ஸ்பாரோவுக்குக் கிடைத்த பரிசு 40 டாலர். அதே கார்னிவலின் அழகிப் போட்டியில் வென்றவருக்குக் கிடைத்த பரிசுகளோ அதைவிடப் பல மடங்கு. மறு ஆண்டு அவர் போட்டியைப் புறக்கணித்தார். வேறு பாடகர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பட்டத்தின் பெயரில்கூட ஒரு கதை உண்டு. முன்பு அது 'கலிப்சோ கிங்'. 1978இல் டொபேகோவில் பிறந்த கலிப்சோ ரோஸ் ஆண்களை எல்லாம் தோற்கடித்தார். ஒரு பெண்ணை 'கிங்' என்று எப்படிக் கூப்பிடுவது? அன்றிலிருந்து அது 'கலிப்சோ மோனார்க்' ஆனது.

சோக்கா: டோலக் போட்ட விதை

'ஹூ லெட் த டாக்ஸ் அவுட்' கேட்டிருப்பீர்கள். பஹாமாஸ் குழு ஒன்று 2000இல் உலகம் முழுக்கப் பரப்பிய பாட்டு. ஆனால் அதை முதலில் 1998 கார்னிவலுக்காகப் பாடியவர் டிரினிடாட்டின் அன்ஸ்லம் டக்ளஸ். ஆக, சோக்கா உங்களுக்குப் புதுசு இல்லை.

சோக்காவை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர் லார்ட் ஷார்ட்டி. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தெற்கு டிரினிடாட்டில், இந்திய வம்சாவளியினர் நடுவே வளர்ந்தவர். 1845 மே 30ஆம் தேதி முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1917 வரை ஒரு லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரிக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறிய ஒரு சிறு கூட்டமும் அதில் உண்டு. இன்று மக்களில் சுமார் 35 விழுக்காட்டினர் இந்திய வம்சாவளியினர்.

1970களின் தொடக்கத்தில், ரெகேயும் சோலும் வந்து கலிப்சோவைச் சாப்பிட்டுவிடும் என்ற பயம் இருந்தது. ஷார்ட்டி கலிப்சோவுக்குள் டோலக்கையும் 'தண்டால்' என்ற இரும்புத் தாளக் கருவியையும் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் அடி! கலிப்சோவைக் கெடுக்கிறார் என்றார்கள் சிலர். எங்கள் பெண்களை ஏளனம் செய்கிறார் என்றார்கள் வேறு சிலர். அவர் அந்த வாத்தியங்களை எடுத்துவிட்டு, தாளத்தை மட்டும் டிரம் செட்டுக்கும் கிட்டாருக்கும் மாற்றினார். கூட்டம் ஆடத் தொடங்கியது. அவர் வைத்த பெயர் 'சோ-கா'. 'சோ' கலிப்சோவிலிருந்து; 'கா' இந்தி எழுத்திலிருந்து.

தாளம் கலந்த அளவுக்கு மனங்கள் கலந்துவிட்டனவா? 1979இல் பிளாக் ஸ்டாலின், கரீபிய மக்கள் எல்லாரும் ஒரே வழியில் வந்தவர்கள் என்ற கருத்தோடு ஒற்றுமைப் பாட்டு ஒன்றைப் பாடிப் பட்டம் வென்றார். அடிமைக் கப்பலில் வராத நாங்கள் கரீபியர்கள் இல்லையா என்று இந்திய வம்சாவளியினர் கேட்டார்கள். பெரிய விவாதம். 1995இல் அதே ஸ்டாலின், சட்னி இசையின் முன்னோடி சுந்தர் போப்போவைக் கொண்டாடும் பாட்டோடு வந்து மீண்டும் மன்னரானார். பழைய சண்டைக்குப் பாட்டிலேயே பதில் சொல்வது அந்த ஊர் வழக்கம்.

போவதென்றால்...

சோக்கா கேட்கும் இடம் 'ஃபேட்' எனப்படும் திறந்தவெளி விருந்து. அங்கே நாற்காலியைத் தேடாதீர்கள். 'பவர் சோக்கா' நிமிடத்துக்கு 160 தட்டு வரை ஓடும். பாடகர் கிட்டத்தட்ட உடற்பயிற்சி ஆசிரியர் மாதிரி: கையைத் தூக்கு, இடது பக்கம் ஓடு, குதி! கையில் ஒரு துண்டோ சின்னக் கொடியோ இருந்தால் நல்லது, சுழற்றத் தேவைப்படும். பழைய காலணி, காதடைப்பான், தண்ணீர் மறக்க வேண்டாம்.

இடுப்பை அசைத்து ஆடும் 'வைன்' அங்கே சகஜம். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் கேட்காமல் நெருங்கி ஆடுவது குற்றமாகலாம் என்று காவல்துறையே எச்சரித்திருக்கிறது. இன்னொன்று: ராணுவ உருமறைப்பு உடை அணிவது அந்த நாட்டில் சட்டவிரோதம். அந்தக் கால்சட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்? இளையர் கூட்டமும் பணமும் சோக்கா பக்கம். கூடாரங்களில் நரைத்த தலைகளே அதிகம். அரசாங்க உதவி இல்லாவிட்டால் பலவற்றை நடத்துவது சிரமம். அதனால்தான் கூடாரத்துக்கு முதலில் போங்கள் என்பேன். ஃபேட் விடியும்வரை நடக்கும், ஓடிவிடாது.

வெளியே வரும்போது பசிக்கும். தெருவோரத்தில் 'டபுள்ஸ்' விற்பார்கள்: இரண்டு மெத்தென்ற பாரா, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி. 'பாரா' வேறொன்றும் இல்லை, நம்ம வடையின் வடநாட்டுச் சொந்தக்காரன். காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். முதல் தடவை 'கொஞ்சம்' என்றே சொல்லுங்கள்.