குமிழி நீரில் நின்றால் போதுமா?

பண்ணைக் குட்டையில் மீன் விட்டிருக்கும் விவசாயிகளே! விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் பிராணவாயுவை வெளியிடும் பாசி, இரவில் அதையே உட்கொள்கிறது. ஆகவே சூரியன் உதிக்குமுன் நீரில் பிராணவாயு மிகவும் குறைந்துவிடுகிறது. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து ஏற்கக் கூடியதே சுமார் 7.5 மில்லி கிராம்தான். கெண்டை மீன்களுக்கு 5 மில்லி கிராமாவது இருத்தல் நலம்.

இக்குறையைப் போக்க நுண்குமிழிக் கருவிகள் விற்பனைக்கு வந்துள்ளன. "குமிழி வாரக்கணக்கில் நீரிலேயே நிற்கும்" என்று விற்பவர் கூறுவதுண்டு. பணம் கொடுக்குமுன் குமிழியின் குணத்தை அறிந்து கொள்ளுங்கள்.

கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். அடைத்திருக்கும்வரை கரியமிலவாயு அழுத்தத்தினால் நீரில் கரைந்து கிடக்கிறது. கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் குறைந்து, வாயு வெளியேற முற்படுகிறது. ஆனால் வெறும் நீரின் நடுவே குமிழி எளிதில் பிறப்பதில்லை. கண்ணாடியின் கீறலிலும் தூசியிலும் சிக்கியுள்ள சிறு காற்றே அதற்கு வித்து. சோடாவில் உப்புப் போட்டால் பொங்குவதும், உப்புத்தூள் காற்றை ஒட்டிக்கொண்டு உள்ளே போவதால்தான்.

குட்டையில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. காற்றை விட்டு நீரில் கரைக்கிறோம். 1 மில்லி மீட்டர் குமிழி, ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து சில வினாடிகளில் மேலே வந்து உடைந்துவிடும். 0.05 மில்லி மீட்டர் குமிழிக்குச் சுமார் பத்து நிமிடம் ஆகும். மேலும், 1 மில்லி மீட்டர் குமிழி ஒன்றிலுள்ள காற்றை 0.1 மில்லி மீட்டர் குமிழிகளாகப் பிரித்தால் ஆயிரம் குமிழிகள் கிடைக்கும். நீரைத் தொடும் பரப்பு பத்து மடங்காகும். இதுவரை விற்பவர் சொல்வது சரியே.

இனிதான் கவனிக்க வேண்டும். பலூன் சிறிதாக இருக்கும்போது ஊதுவது கடினம் அல்லவா? ஏறத்தாழ அதுபோலவே, நீரின் பரப்பு இழுவிசை சிறு குமிழியை அதிகமாக நெருக்குகிறது. 0.001 மில்லி மீட்டர் குமிழிக்குள், வெளி அழுத்தத்தைவிட ஏறத்தாழ மூன்று வளிமண்டல அளவு அழுத்தம் கூடுதல். உள்ளிருக்கும் வாயு நீருக்குள் தள்ளப்பட்டு, குமிழி சுருங்கி, மேலும் நெருக்கப்பட்டு மறைந்துவிட வேண்டும். ஆயினும் இதனினும் சிறிய குமிழிகள் நாட்கணக்கில் நிற்பதாக ஆய்வுக் கூடங்களில் கண்டுள்ளனர். குமிழிப் பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டம் அவற்றை ஒன்றுசேர விடுவதில்லை என்றும், நீரிலுள்ள கரிமப் பொருள்கள் ஆடைபோல் படிந்து வாயுவைத் தடுக்கின்றன என்றும் காரணம் கூறுகின்றனர். ஆராய்ச்சியாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

எப்படி நின்றாலும், நிற்கும் குமிழிக்குள் இருக்கும் வாயு எவ்வளவு? 0.0001 மில்லி மீட்டர் குமிழிகள், மில்லி லிட்டருக்குப் பத்துக் கோடி இருப்பதாகவும், அத்தனையிலும் சுத்தப் பிராணவாயுவே நிறைந்திருப்பதாகவும் கொள்வோம். லிட்டருக்குச் சுமார் 0.002 மில்லி கிராம்தான் தேறும்! பயிற்சி வகுப்பில் இக்கணக்கைப் போட்டால் முதலில் எவரும் நம்புவதில்லை. மீன் சுவாசிப்பது கரைந்த பிராணவாயுவை. கரையாமல் நிற்கும் குமிழியால் அதற்குப் பயன் மிகச் சொற்பம்.

எனவே குமிழி எத்தனை நாள் நிற்கும் என்று கேட்காதீர்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் பிராணவாயு கரையும் என்று கேட்டு, துடுப்புச் சக்கரக் காற்றூட்டியுடன் ஒப்பிடுங்கள். இயன்றால் கருவியை உங்கள் குட்டையிலேயே ஓரிரவு ஓட்டச் சொல்லி, முந்திய நாளும் அன்றும் சூரிய உதயத்துக்கு முன் பிராணவாயுவை அளந்து பாருங்கள். அளவு உயராவிட்டால் வாங்க வேண்டாம்.